உப்புத்தாள் போட்ட கிண்ணம்

பூட்டிய பட்டறைக்குள் விடிந்ததும் மரச்சீவல் கிடந்தால் என்ன சொல்வது? எலி வந்திருக்கும், சரி. எலி லேத் ஓட்டுமா?

சின்னவன் பூட்டைத் திறந்து, சன்னலைத் தள்ளிவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தான். முந்தின நாள் சாயங்காலம் அவனே பெருக்கிய சிமெண்டுத் தரையில், லேத்தின் காலடியில், ஒரு கைப்பிடி சீவல். சீவல்கூட இல்லை, சுருள். தலைமுடி மாதிரி மெல்லிசு, செங்கல் நிறம். அந்த வாரம் அவன் கடைந்துகொண்டிருந்தது நாற்காலிக் கால்கள். எல்லாம் வெளுத்த மரம். சிவப்பு மரத்தை அவன் எட்டு மாதமாகத் தொடவில்லை.

குனிந்து ஒரு சுருளை எடுத்து விரலுக்கு நடுவே உருட்டினான். உடையவில்லை. உளி மழுங்கியிருந்தால் தூள்தான் கொட்டும். கூர் சரியாக இருந்தால்தான் இப்படிச் சுருண்டு வரும். அந்தப் பட்டறையில் உளியை இவ்வளவு நேர்த்தியாகக் கூராக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார், அவன் அண்ணன். அவர் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிவிட்டது.

தெருவில் அண்ணனுக்குப் பெரிய கடைசல், தம்பிக்குச் சின்னக் கடைசல் என்று பெயர். நாற்பது வயதாகி, முன்மண்டை வழுக்கையான பிறகும் அவன் சின்னவன்தான். அதில் தப்பில்லை. பெரியவர் கடைந்த கிண்ணத்தைக் கையில் எடுத்தவர்கள் கீழே வைக்க மனமில்லாமல் தடவிக்கொண்டே நிற்பார்கள். இவன் கடைந்ததை எடுத்தவர்கள், "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுக் கீழே வைப்பார்கள்.

பெரியவர் நம்பியது சுரண்டியை. மற்ற உளிகள் மரத்தைச் செதுக்கி உருவம் கொடுத்த பிறகு, கடைசியில் வந்து மேல்பரப்பை ஒரு இழுப்பில் வழவழப்பாக்கும் தட்டையான உளி அது. அதன் முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு நிற்கும். சாணைக்கல்லில் தீட்டி, எஃகுக் கம்பியால் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தால் அந்தப் பிசிறு எழும். வெட்டுவதெல்லாம் அந்தப் பிசிறுதான். ஐந்து நிமிஷ வேலைக்குத் தாங்கும், அப்புறம் செத்துவிடும், மறுபடி எழுப்ப வேண்டும். சோம்பேறிகள் எழுப்ப மாட்டார்கள். உப்புத்தாளை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டு, "ஆச்சு" என்பார்கள். பெரியவருக்கு உப்புத்தாளைக் கண்டாலே ஆகாது. தேய்த்தால் தூள் போய்க் கீறலில் அடைந்து எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், மரத்தில் இருக்கிற குறை மறைந்துவிடும் என்பார். அதோடு இன்னொன்றும் சொல்வார்: உப்புத்தாளின் மணல் மரத்தில் தங்கிவிடும், அதன்மேல் சுரண்டியை வைத்தால் பிசிறு ஒரே இழுப்பில் செத்துப்போகும்.

எட்டு மாதத்துக்கு முன்பு, பட்டப்பகல் பதினொரு மணிக்கு, அவர் அந்தச் சுரண்டியோடு லேத்தின் முன் நின்றிருந்தபோது, சுழன்றுகொண்டிருந்த பெரிய சிவப்புக் கிண்ணம் இரண்டாகப் பிளந்து பறந்தது. ஒரு பாதி சுவரில் மோதியது. மறு பாதி அவர் நெற்றிப்பொட்டில். முகத்துக்குப் போடும் கவசம் வழக்கம்போல ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

வந்து கேட்டவர்களுக்கெல்லாம் சின்னவன் சொன்னது ஒரே வாக்கியம். "அண்ணன் கைப்பிடியைத் தாழ்த்திட்டாரு." சுரண்டியின் கைப்பிடி முனையைவிட ஒரு விரற்கடையாவது உயர்ந்து நிற்க வேண்டும். தாழ்ந்தால் மரம் முனையைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொள்ளும், அடி தாங்காமல் கிண்ணம் பிளக்கும். வேலை கற்க வந்தவன் முதல் வாரத்தில் செய்கிற தப்பு அது. முப்பது வருஷம் உளி பிடித்தவர் செய்வாரா? "யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் எதிர்க்கடைத் தையல்காரர். அப்புறம் தெருவே சொன்னது. துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் அண்ணியின் எதிரே உட்கார்ந்து, உச்சுக்கொட்டி, அந்த யானையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார்கள்.

யானை சறுக்கவே இல்லை. அது சின்னவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கிண்ணத்தின் மரம் பள்ளிக்கூட வாசலில் காற்றுக்கு விழுந்தது. அதிலேயே ஒரு பெரிய கிண்ணம் செய்து தரச்சொல்லிக் கேட்டிருந்தார்கள். நடுவே பிளந்து இரண்டு பாதியாக வந்து இறங்கியது. "பச்சை மரம்டா, இன்னைக்கே வெட்டின பக்கமெல்லாம் மெழுகு பூசிடு, இல்லேன்னா வெடிச்சிடும்" என்று பெரியவர் சொல்லிவிட்டு வெளியூர் போனார். சின்னவன் பூசவில்லை. நாளைக்குப் பூசலாம் என்று விட்டான், நாளை மறுநாளாயிற்று, மூன்று நாள் வெயில் அடித்தது. ஒரு பாதியை அளவாகக் கடைந்து வைக்கும்போதுதான் கவனித்தான்: விளிம்பிலிருந்து அடி வரைக்கும் முடிபோல ஒரு விரிசல்.

அண்ணன் பார்த்தால் அதைத் தூக்கி விறகில் எறிவார். பிறகு இவன் பக்கம் திரும்புவார். மெழுகில் ஆரம்பித்து, பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டது வரைக்கும் போவார். தெருமுனை வரை கேட்கும். அதற்குப் பயந்து, அந்தத் திட்டுக்குப் பயந்து, விரிசலில் மரத்தூளை அடைத்தான், பசையை விட்டான், மேலே உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தான். எங்கே விரிசல் என்று அவனுக்கே தெரியாமல் போயிற்று. கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாக வேறு நினைத்துக்கொண்டான், பாவி.

அன்று பெரியவர் முதல் இழுப்பு இழுத்ததுமே சுரண்டியைத் தூக்கிக் கட்டைவிரலால் முனையைத் தடவிப் பார்த்தார். பிசிறு செத்திருந்தது. "இதுல யாருடா உப்புத்தாள் போட்டது?" என்று கேட்டார். சின்னவன் பத்தடி தள்ளி மேசையில் குனிந்துகொண்டிருந்தான். காதில் விழாததுபோல இருந்தான். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சாணை பிடித்துவிட்டு வந்தார். மறுபடி ஓட்டினார். இரண்டாவது இழுப்பில் டிக் என்று ஒரு சத்தம். கிண்ணம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் டிக், டிக், டிக். காது மந்தமாகிக்கொண்டு வந்த பெரியவருக்கு அது கேட்கவில்லை. இவனுக்கு நன்றாகக் கேட்டது. என்னவென்றும் தெரிந்தது. சொல்லலாமா, இந்த ஒரு இழுப்போடு முடித்துவிடுவாரே, சொல்லலாமா என்று நாக்கை மென்றுகொண்டிருந்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து லேத் எப்போது ஓடினாலும் அந்த டிக் அவனுக்குக் கேட்டது. பெல்ட்டை மாற்றினான். பேரிங்கைக் கழற்றிப் புதிது போட்டான். மரம் எதுவும் மாட்டாமல் வெறும் லேத்தை ஓட்டிப் பார்த்தான். டிக்.

இப்போது இந்தச் சிவப்புச் சுருள் வேறு.

அவன் மெதுவாகச் சுவர்ப்பக்கம் போனான். பெரியவரின் சுரண்டி அவருடைய ஆணியில் தொங்கியது. அந்த நாளுக்குப் பிறகு அவன் அதைத் தொட்டதே இல்லை. இப்போதும் ஆணியிலிருந்து எடுக்காமல் முனையை மட்டும் கட்டைவிரலால் தடவினான். மழமழ என்று இருந்தது. யாரோ வேலை செய்து பிசிறைத் தீர்த்திருக்கிறார்கள்.

மறுநாளும் சுருள். அதற்கு மறுநாளும். வேறொருவனாக இருந்தால் விடியுமுன் வந்து மூலையில் ஒளிந்திருந்து பார்த்திருப்பான். நம்ம ஆள் என்ன செய்தான்? தினமும் அரைமணி நேரம் தாமதமாக வர ஆரம்பித்தான். எதையாவது பார்த்துத் தொலைத்துவிட்டால்?

"என்ன சின்னவரே, ரொம்பச் சுறுசுறுப்பாயிட்டீங்க?" என்று கேட்டார் தையல்காரர், நான்காம் நாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"அஞ்சரைக்குத் தண்ணி பிடிக்க எழுந்தேன். உங்க லேத் ஓடிட்டிருக்கு. எட்டரைக்கு நீங்க வந்து பூட்டைத் திறக்கறீங்க. என்ன, ரெட்டைப் பிறவியா?" தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். பிறகு இவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினார். "சும்மா சொன்னேன்யா. வேற தெருவா இருக்கும்."

"ஆமாமா, வேற தெருவா இருக்கும்" என்றான் சின்னவன். அன்று முழுக்க ஒரு நாற்காலிக் கால்கூட உருப்படியாக வரவில்லை.

அண்ணியிடம் சொல்லலாமா என்றுகூட யோசித்தான். பட்டறைக்குப் பின்சுவரை ஒட்டித்தான் வீடு. நடுவில் இருந்த கதவை மறித்து அண்ணி பீரோவை நகர்த்திப் போட்டு எட்டு மாதம். பட்டறை வாசலை அவள் மிதிக்கவே இல்லை. பெரியவர் இருந்தவரை கிண்ணங்களுக்குக் கடைசியாக எண்ணெய் பூசித் துடைக்கிற வேலை அவளுடையது, பத்தொன்பது வருஷம். துணியோடு ஒரு கிண்ணத்தைச் சுற்றி வந்தால் போதும், "இங்கே ஒரு இடம் சொரசொரங்குது" என்று சரியாகச் சொல்லிவிடுவாள். அவளிடம் போய், 'அண்ணன் வந்து வேலை செய்கிறார்' என்று எந்த வாயால் சொல்வது?

திங்கட்கிழமை காலை தரையில் சுருள் எதுவும் இல்லை. அப்பாடா என்று ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பதினொரு மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது. அண்ணி. கையில் பழைய துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.

"தம்பி, வேலையா இருக்கீங்களா?"

பத்தொன்பது வருஷமாக 'வாடா, போடா' என்றும், கோபம் வந்தால் 'எருமை' என்றும் கூப்பிட்ட வாய். இந்த 'இருக்கீங்களா' அவனுக்குச் சுருக்கென்றது.

"வாங்க அண்ணி. என்ன, சொல்லியனுப்பினா நானே வந்திருப்பேனே."

அவள் துண்டைப் பிரித்தாள். உள்ளே சிவப்புக் கிண்ணம். விளிம்பு கொஞ்சம் கோணல், அடி கொஞ்சம் தடிமன். ஆனாலும் கிண்ணம்தான்.

"அந்தப் பள்ளிக்கூட மரத்தோட மறுபாதி விறகுக் கொட்டகையிலயே கிடந்துச்சு. நான்தான் கடைஞ்சேன், அவரு செய்யறதைப் பார்த்த பழக்கத்துல. சிரிக்காதீங்க."

சின்னவன் சிரிக்கத்தான் செய்தான். நெஞ்சில் இருந்த பாறாங்கல் அப்படியே உருண்டு போனதுபோல இருந்தது. "நீங்களா? காலைல வந்தது நீங்களா அண்ணி? நான் என்னென்னவோ நெனச்சு... சாவி ஏது?"

"அவர் இடுப்புல ஒண்ணு இருந்துச்சே. யாரும் கேக்கலை, நானும் கொடுக்கலை." கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள். "கடைசி இழுப்பு மட்டும் எனக்குச் சரியா வரலை. வெளிப்பக்கம் ஒரே ஒரு இழுப்பு இழுத்துக் கொடுங்க. அவரு சுரண்டியாலயே."

அவன் கிண்ணத்தை லேத்தில் மாட்டி இறுக்கினான். வெளிப்பக்கம் பளபள என்று இருந்தது. இதற்குமேல் இதில் என்ன வேலை என்று ஒரு கணம் தோன்றியது. அண்ணி ஆணியிலிருந்து சுரண்டியை எடுத்து நீட்டினாள். வாங்கி, பழக்கத்தில் முனையைத் தடவினான். பூனை நாக்குபோலச் சுரசுர என்று பிசிறு எழுந்து நின்றது.

"பிரமாதமா எழுப்பியிருக்கீங்களே அண்ணி."

"எதை?"

"பிசிறை. முனையோட கூரை."

"அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நீங்கதானே தினமும் சாயங்காலம் தீட்டி வெச்சுட்டுப் போறீங்க. நான் வர்றப்ப ரெடியா இருக்கும், அப்படியே எடுத்துக்குவேன்."

சின்னவன் கையில் இருந்த சுரண்டி கனத்தது. தரையில் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. அண்ணி எதிரில் நிற்கும்போது எங்கே ஓடுவது?

அவள் லேத்துக்கு எதிர்ப்புறம், கிண்ணத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

"அங்கே நிக்காதீங்க அண்ணி. தூள் கண்ணுல விழும்."

"இங்கே நின்னாத்தான் எனக்குத் தெரியுது. ஓட்டுங்க."

சுவிட்சைப் போட்டான். கிண்ணம் சுழன்று, சிவப்பாக ஒரு மங்கல் ஆயிற்று. கைப்பிடியை உயர்த்திப் பிடித்து, சுரண்டியைப் பாதி சாய்த்து, அடியிலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல நகர்த்தினான். இரண்டு அங்குலத்துக்கு அழகாகச் சுருள் வந்தது. அப்புறம் தூள் கொட்டியது. வெறும் தூள். சுரண்டியைத் தூக்கி விரலால் தடவினான். ஒரே இழுப்பில் பிசிறு செத்திருந்தது.

"இதுல யாரு உப்புத்தாள் போட்டது?" என்றான்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. வார்த்தை மட்டுமில்லை, இழுவைகூட அண்ணனுடையது.

"நான்தான்" என்றாள் அண்ணி. லேத் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் குரலை உயர்த்தவும் இல்லை. "கேட்டா பதில் சொல்லணும்ல? அவரும் அன்னைக்கு இதையேதான் கேட்டாரு. சுவருக்கு அந்தப் பக்கம் நான் பாத்திரம் கழுவிட்டிருந்தேன், தெளிவா காதுல விழுந்துச்சு. யாரும் பதில் சொல்லலை. எட்டு மாசமா எனக்கு அந்தக் கேள்விதான். கடைசி வேலை முடியாத மரத்துக்கு எவனாவது உப்புத்தாள் போடுவானா? எதுக்குப் போடுவான்? இந்தப் பாதியைக் கடைஞ்சு பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது, எதை மறைக்கன்னு."

"அண்ணி..."

"இன்னொரு இழுப்பு இழுங்க தம்பி."

"பிசிறு செத்துடுச்சு அண்ணி."

"அவரு தீட்டிட்டு வந்தாரு. நீங்களும் தீட்டிட்டு வாங்க."

அவன் அசையவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது கேட்டது. டிக். வழக்கமான டிக்தான் என்று நினைத்தான், மண்டைக்குள் இருக்கிற டிக். டிக், டிக், டிக். நிமிர்ந்தான். அண்ணி தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கிறது. சுழலும் சிவப்பில், தூள் உதிர்ந்த இடத்தில், ஒரு கறுப்புக் கோடு மினுக்கி மினுக்கி மறைந்தது. அதற்கு நேர் எதிரே அவள் நெற்றி.

"அண்ணி, தள்ளுங்க! தள்ளுங்க அண்ணி!" என்று தொண்டை கிழியக் கத்தினான். சுரண்டியை எறிந்துவிட்டுச் சுவிட்சின்மேல் விழுந்தான். லேத் முனகி, தளர்ந்து, நின்றது. கிண்ணம் உடையாமல் இருந்தது. விரிசல் விளிம்பிலிருந்து அடிவரைக்கும் வாய் பிளந்து நின்றது.

அண்ணி ஒரு அடிகூட நகரவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"எனக்குன்னா உங்களுக்குச் சத்தம் போடத் தெரியுதே" என்றாள். "அவருக்கு ஏன் போடலை?"

சின்னவன் லேத்தின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். மெழுகு, வெயில், பசை, டிக், நாக்கை மென்றது, கைப்பிடிக் கதை, எல்லாம். அழுகை முந்திக்கொண்டு வந்ததால் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள் கடைசியில். "முதல்லயே விரிசல்னு சொல்றதுக்கு என்ன?"

"திட்டுவாருன்னு பயந்தேன் அண்ணி."

"திட்டுவாருன்னா?"

"ஆமா."

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கோணியது. "திட்டியிருப்பாரு. சாப்பாட்டு நேரம் வரைக்கும் திட்டியிருப்பாருடா. அப்புறம் உன்னை விட்டுட்டு ஒரு நாளாவது சாப்பிட்டிருக்காரா அந்த மனுஷன்?" என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து, எட்டு மாதமாக அழாத அழுகையை அழுதாள்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "போய்ச் சொல்லு. எதிர்க்கடையிலேருந்து ஆரம்பி. அந்த யானையை இனிமே எவனும் என் வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரக்கூடாது."

அவன் போனான். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அண்ணன் கைப்பிடியைத் தாழ்த்தலைங்க. நான் பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்தான். கேட்டு முடித்த தையல்காரர் அவனுக்கு ஒரு நாற்காலிகூட எடுத்துப் போடவில்லை. அடுத்து மளிகைக்கடை. அடுத்து பள்ளிக்கூடம். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அவன் நடந்துபோனால் பேச்சு நின்றது.

மறுநாள் ஐந்தரைக்கே வந்தான். இப்போது இரண்டு சாவியும் அவனிடம்தான். பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே தரை சுத்தமாக இருந்தது. நேற்று தூக்கி எறிந்த சுரண்டியைத் தேடினான். எறிந்த இடத்தில் இல்லை. அண்ணி எடுத்து மாட்டியிருப்பாள், ஆணியில் தொங்கியது. கிட்டே போய், கட்டைவிரலை முனையில் வைத்தான்.

சுரசுர என்றது. நேற்று அவன் கையில் செத்துப்போன பிசிறு எழுந்து நின்றது.

அவன் ஓடவில்லை. லேத்தின் முன்னால், வேலை செய்கிறவன் நிற்கிற இடத்தை விட்டு, பத்தடி தள்ளி, அன்று எங்கே குனிந்துகொண்டிருந்தானோ அந்த மேசைப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றான்.

"நான்தாண்ணே போட்டேன், உப்புத்தாள்" என்றான் உரக்க.

சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, திட்டுக்காகக் காத்து நின்றான்.